நரம்பு, மாத்திரை, ஊசி: மெடிக்கல் கவுண்டரில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். களக்காடு, முக்கூடல், சேரன்மகாதேவி என்று பல ஊர்களிலிருந்து பஸ் பிடித்து டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எங்களிடம் கேட்பார்கள். அதிலும் நரம்பு மருந்து என்றால் சிலருக்குப் பயம், சிலருக்கு ஆசை. ஒரு மாத்திரை உடம்புக்குள் எங்கே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டுமே குறைகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக அளவை மாற்ற வேண்டாம்.

அண்ணாச்சி, கையில பச்சையா புடைச்சுத் தெரியுதே, அதுதான நரம்பு?

இல்லை, அது ரத்தக்குழாய். காலில் சுருண்டு புடைப்பதும் ரத்தக்குழாய்தான். ‘நரம்பு ஊசி’ என்று நாம் சொல்லும் ஊசியும் ரத்தக்குழாயில்தான் போடப்படுகிறது. உண்மையான நரம்பு வெளிறிய நிறத்தில், தசைகளுக்கு இடையே உள்ளடங்கி ஓடும். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு ஏறக்குறைய ஒரு விரல் கனம் இருக்கும். அதனால் கையில் குழாய் புடைத்துத் தெரிகிறது என்பதற்காக நரம்பு மாத்திரை கேட்க வேண்டாம்.

நரம்புக்குள்ள கரண்டு ஓடுதுன்னு சொல்லுதாவளே, நெசமா?

நிஜம்தான். ஓய்வாக இருக்கும் நரம்பு செல்லின் உள்பக்கம், வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். செல்லின் சவ்வில் சோடியத்துக்குத் தனி வழி, பொட்டாசியத்துக்குத் தனி வழி. கன்னடியன் கால்வாயில் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடை திறந்து சோடியம் உள்ளே பாய்ந்ததும் அந்த இடத்தில் மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் அடுத்த மடையைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. சோடியம் வந்த இடத்தில் பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பும். ஒவ்வோர் இடத்திலும் இதெல்லாம் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும்.

ஆனால் ஒரு நரம்பு செல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் மின்சாரம் அதைத் தாண்டாது. முதல் செல் ஒரு வேதிப்பொருளைக் கொட்டும், எதிரே இருக்கும் செல்லின் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். இதை ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-இல் தவளைகளை வைத்துக் காட்டினார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்திலிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். யாரும் தூண்டாத அந்த இதயமும் மெதுவானது. அப்படியானால் சேதியைக் கொண்டுபோனது திரவத்தில் இருந்த ஏதோ ஒரு பொருள். பிறகு அது அசிட்டைல்கோலின் என்று தெரிந்தது. ஹென்றி டேலோடு சேர்த்து லோவிக்கு 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மடை, வேதிப்பொருள், ஏற்பி. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் மருந்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் கை வைக்கின்றன.

முள்ளு குத்துனா மொதல்ல சுருக்குங்கு, பொறவு காந்துது. ஒரு முள்ளுக்கு ரெண்டு வலியா?

ஆமாம், இரண்டு வலி, இரண்டு வகை நரம்பிழை. உடைமுள் குதிகாலில் ஏறியதும் சுருக்கென்று வரும் வலி, கொழுப்புறை போர்த்திய இழையில் விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் போகிறது. காலைத் தூக்க வைப்பது அதுதான். பின்னால் வரும் காந்தல், உறையில்லாத மெல்லிய இழையில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து வருகிறது. பாதத்துக்கும் மூளைக்கும் உள்ள தூரத்துக்கு அந்த இடைவெளி நமக்கே தெரிகிறது.

தலைவலிக்குப் போடுத மாத்திரைக்கு, வலி தலையிலதான் இருக்குன்னு எப்படித் தெரியும்?

நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். மாத்திரைக்கு ஒன்றும் தெரியாது. குடலில் கரைந்து, கல்லீரல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து, தலைக்கும் போகும், கால் கட்டைவிரலுக்கும் போகும். அது பிடித்துக்கொள்ளும் பொருள் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வேலை செய்யும். நமக்கு வேண்டிய இடத்தில் செய்தால் பலன் என்கிறோம், வேண்டாத இடத்தில் செய்தால் பக்கவிளைவு என்கிறோம். மருந்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை.

ஆஸ்பிரின், இபுப்ரோபன் வகை மாத்திரைகளைப் பாருங்கள். அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஊறி, வலி நரம்புகளை லேசான தூண்டலுக்கே கூச்சப்பட வைக்கிறது. இந்த மாத்திரைகள் அந்தப் பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. இதை ஜான் வேன் என்ற விஞ்ஞானி 1971-இல் கண்டு சொன்னார். அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது, சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது. மூட்டுவலிக்குத் தினமும் இதை வாங்கித் தின்றவருக்கு வயிறு புண்ணாவது அதனால்தான்.

பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடப் பக்கம் வேலை செய்வதால் வயிற்றை அவ்வளவாகப் படுத்தாது. ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது, குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. மீறினால் கல்லீரல் கெடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பல்லு புடுங்க ஊசி போட்டாவ. வலிக்கல, ஆனா இழுக்கது நல்லா தெரிஞ்சுது. ஊசி சரியா ஏறலையோ?

ஏறியிருக்கிறது. அந்த ஊசியில் இருக்கும் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து, மேலே சொன்ன சோடியம் மடையை அடைத்துவிடும். வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் சீக்கிரம் அடங்கும். அழுத்தத்தைச் சொல்லும் தடித்த இழைகள் கொஞ்சம் விழித்திருக்கும். அதனால் இழுப்பது தெரியும், வலி தெரியாது.

சீழ் கோத்த பல்லுக்கு முதலில் மாத்திரை கொடுத்துச் சில சமயம் நாலு நாள் கழித்து வரச் சொல்வார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அங்கே இந்த மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது, ஊசி போட்டும் வலிக்கும்.

ஒரு சளி மாத்திரை போட்டா கண்ணு சொக்குது, இன்னொன்னு போட்டா ஒண்ணும் செய்யல. எது நல்ல மாத்திரை?

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் மிக நெருக்கமானது. ரத்தத்தில் வருவதையெல்லாம் உள்ளே விடாது. குளோர்பெனிரமின் மாதிரி பழைய மருந்துகள் அந்தத் தடையைத் தாண்டி, நம்மை விழிப்போடு வைத்திருக்கும் ஹிஸ்டமினை மூளையிலும் தடுத்துவிடும். செட்ரிசின் குறைவாக நுழையும், பெக்ஸோபெனடின் அநேகமாக நுழையவே நுழையாது. லாரி ஓட்டுகிறவர், அறுவடை மிஷின் ஓட்டுகிறவர் என்றால் அதை மறக்காமல் கடையில் சொல்லுங்கள். மருந்து கேட்கும்போது தொழிலையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

எங்கப்பாவுக்குக் கைநடுக்கத்துக்கு மாத்திரை. காலைல நல்லா நடக்காவ, மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டுப் போட்டா கேக்கவே மாட்டேங்குது. மாத்திரை போலியா?

போலி இல்லை. பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துபோகின்றன. டோபமைனையே கொடுத்தால் முந்தைய பதிலில் சொன்ன தடையைத் தாண்டாது. அதனால் அதன் முந்தைய வடிவமான லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள், மூளைக்குள் போனபிறகு அது டோபமைனாக மாறும். வழியிலேயே மாறிவிடாமல் இருக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா சேர்ந்திருக்கிறது.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். கறி, மீன், முட்டை, பருப்பு எல்லாம் செரித்து வருவதும் அமினோ அமிலம்தான். குடலிலும் மூளை வாசலிலும் இரண்டும் ஒரே வழியில் போட்டி போடும். எனவே சாப்பாட்டுக்கு அரைமணி, முக்கால் மணி முன்னால் மாத்திரையைப் போடச் சொல்வது வழக்கம். வெறும் வயிற்றில் குமட்டினால் ரெண்டு பிஸ்கட் போதும். கறியை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், வயதானவர் மெலிந்துபோவார். எந்த நேரத்தில் எவ்வளவு என்று அவருடைய டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று, கைநடுக்கம் எல்லாம் பார்க்கின்சன் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது.

அந்தச் சிவப்பு ஊசி போட்டா நரம்புக்குத் தெம்பு வருமாமே?

அந்தச் சிவப்பு, பி12 வைட்டமினின் சொந்த நிறம். பி12 குறைந்தவருக்கு அது அருமையான மருந்து. நரம்பின் மேல் போர்த்திய கொழுப்புறை சரியாக இருக்க அது வேண்டும். பால்கூடச் சேர்க்காத சைவக்காரர்கள், சுகருக்காகப் பல வருஷம் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்கள், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் குறையலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறையே இல்லாதவருக்கு ஊசி போட்டால் மிச்சம் சிறுநீரில் போகும்.

சத்து மாத்திரைதானே என்று பி6 கூடுதலாக இருக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் தானாக வாங்கித் தின்பது மட்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது. பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே உணர்ச்சி நரம்பைக் கெடுத்து, கால் மரத்துப்போக வைக்கும். மரத்துப்போகிறது என்று வாங்கிய மாத்திரையே மரத்துப்போக வைத்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

சுகர் இருக்கு, பாதம் எரியுது. குடுத்த மாத்திரை நரம்பைச் சரி பண்ணிருமா?

சரி பண்ணாது, அமைதிப்படுத்தும். சுகர் ஏறியே இருந்தால் நீளமான நரம்பிழைகள் முதலில் கெடும், அதனால்தான் பாதத்தில் தொடங்குகிறது. கெட்ட இழை காரணமில்லாமல் வலிச்சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். பிரீகாபாலின், காபாபென்டின் மருந்துகள் நரம்பு நுனியில் கால்சியம் மடையோடு ஒட்டிக்கொண்டு, கொட்டும் வேதிப்பொருளைக் குறைக்கின்றன. முதல் வாரம் தலைசுற்றும், தூக்கம் வரும். ராத்திரி எழுந்து நடக்கும்போது சுவரைப் பிடித்து நடங்கள். நரம்பு மேலும் கெடாமல் தடுப்பது சுகர் கட்டுப்பாடுதான்.

எரிச்சலைவிட எரிச்சல் நின்றுபோவதைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். உணர்ச்சியே செத்துப்போனாலும் எரிச்சல் நிற்கும். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரதவீதியில் வெறுங்காலோடு வடம் பிடித்துவிட்டு, சாயங்காலம் பாதத்தில் கொப்புளத்தோடு களிம்பு கேட்டு வருவார்கள். ‘சுட்டதே தெரியல அண்ணாச்சி’ என்பார்கள். அவர்களுக்குக் களிம்பு போதாது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். சுகர்காரர்கள் தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்த்துவிட்டுப் படுங்கள்.

பீடி சுத்துதேன். ராத்திரி கை மரத்து, உதறினாத்தான் சரியாவுது. நரம்பு மாத்திரை தாங்க.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, சுண்டுவிரல் நன்றாக இருக்கிறதா? அப்படியென்றால் மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புக்கும் தடித்த பட்டைக்கும் நடுவே ஒரு குறுகிய வழி. அதில் தசைநார்களோடு ஒரு நரம்பும் போகிறது. நாள் முழுக்க இலை வெட்டிச் சுருட்டுகிற கையில் அந்த இடம் வீங்கி நரம்பை அழுத்தும். அழுத்தம் இருக்கும்வரை எந்த மாத்திரையும் பெரிதாக உதவாது. ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டிப் படுப்பது பலருக்கு நல்ல பலன் தருகிறது. கட்டைவிரல் அடிச்சதை மெலிந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். தைராய்டு, சுகர், கர்ப்பம் இருந்தாலும் இது வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகையிலைத்தூளில் இருக்கும் நிக்கோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும். அது அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் சிலவற்றில் ஒட்டிக்கொள்வதால் தலைசுற்றல், குமட்டல், படபடப்பு வரலாம். சோறு பிசைவதற்கு முன்னும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மவளுக்கு ரெண்டு வருசமா வலிப்பே வரல. கல்யாணம் பேசுதோம், மாத்திரைய நிப்பாட்டிரலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வராமல் இருந்ததே மாத்திரையால் இருக்கலாம். பெனிடோயின், கார்பமசெபின் மாதிரி மருந்துகள் அளவுமீறித் துடிக்கும் நரம்புகளின் சோடியம் மடையை அடக்கி வைக்கின்றன. திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து நினைவு திரும்பாமலே போகலாம். குறைக்கலாம் என்று டாக்டர் முடிவெடுத்தால் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். பெனிடோயினில் இன்னொரு சிக்கல், கல்லீரல் அதை ஓர் அளவுக்குமேல் வெளியேற்றத் திணறும். கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் மளமளவென்று ஏறி, நடை தள்ளாடும். அதனால் கம்பெனி மாற்றி வாங்குவதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் டாக்டரைப் பார்ப்பது மிக முக்கியம். வால்புரோயேட் சாப்பிடும் பெண் கர்ப்பமானால் குழந்தைக்குக் குறைபாடு வரும் ஆபத்து கூடுதல். முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள், போலிக் அமிலமும் தொடங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைத்து, சாப்பிட முடியாமல் விட்டு, வலிப்பு வந்து விழுந்த பெண்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் மனசு பதறுகிறது. சொல்லிவிட்டுக் கட்டிக்கொடுங்கள்.

வலிப்பு வந்தா கையில சாவிக்கொத்து குடுக்கணுமாமே?

இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நிற்கும், அந்த நேரம் சாவி கையில் இருந்ததால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இடிக்கிற சாமானை நகர்த்துங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். 5 நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தூக்க மாத்திரை ஒரு அட்டை குடுங்க அண்ணாச்சி, சீட்டு வீட்டுல இருக்கு.

கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தூக்கத்துக்குக் கேட்கும் அல்பிரசோலம், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்து. எழுதிய டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்புகளை அடக்கி வைக்கிறது. இந்த மாத்திரை காபாவின் பலத்தைக் கூட்டுகிறது. சாராயமும் அதே ஏற்பியில்தான் கை வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு விடச் சொல்லும் இடமும் அடங்கிப்போகலாம்.

தினமும் போட்டால் சில வாரத்தில் மூளை பழகிக்கொள்ளும். அப்புறம் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பே வரும். பல மாதம் சாப்பிட்டவர்கள் வலிப்பு மாத்திரைக்குச் சொன்னது போலவே டாக்டர் பார்வையில் மெதுவாகத்தான் இறங்க வேண்டும்.

மனசு சரியில்லன்னு குடுத்த மாத்திரை பத்து நாளா வேலையே செய்யல. இதுக்கும் பழகிருமோ?

இது வேறு வகை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் மாதிரி மருந்துகள் செரட்டோனின் என்ற வேதிப்பொருள், அதைக் கொட்டிய நரம்பு செல்லுக்கே திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. அது முதல் நாளே நடக்கிறது, ஆனால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் பதற்றமும் வந்து பின்பு அடங்கும். இளவயதுக்காரர் தொடங்கிய புதிதில் வீட்டார் பக்கத்திலேயே இருங்கள். உயிரை விடும் எண்ணம் பேச்சில் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தூக்க மாத்திரைக்கு வரும் ஏக்கம் இதற்கு வராது. ஆனாலும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல் வரும்.

சித்த மருந்தும் சேத்துச் சாப்பிடலாமா?

அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது, பாதிப் பேர் இரண்டும் சாப்பிடுகிறார்கள். இரண்டு மருத்துவரிடமும் இரண்டையும் சொல்லிவிடுங்கள். சூரணமும் கல்லீரல் வழியாகத்தான் போகிறது. அமுக்கரா தூக்கம் வரவைக்கும், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் அசதி கூடும். வைத்தியர் யாரென்று தெரியாமல் கூரியரில் வரும் ‘நரம்புத் தளர்ச்சி பொடி’ மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது.

வாழைக்குப் பூச்சிமருந்து அடிச்சுட்டு வந்தாரு. வாயில எச்சி ஒழுகுது, வேர்த்துக் கொட்டுது, கண்ணு மங்குது. சோடா குடுத்தா சரியாவுமா?

ஆகாது, உடனே ஆஸ்பத்திரி. அசிட்டைல்கோலின் தன் வேலையை முடித்ததும் அதை உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் மாதிரியான மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். அசிட்டைல்கோலின் குவிந்து எச்சில், வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் பெருகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். போகும் வழியிலேயே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள்.

அங்கே அட்ரோபின் ஏற்றுவார்கள். ஊமத்தையில் இருக்கும் நஞ்சும் அட்ரோபின் வகையைச் சேர்ந்ததுதான். அது அசிட்டைல்கோலினின் ஒரு வகை ஏற்பியை மறைத்துக்கொண்டு எச்சிலையும் நீரையும் வற்றச் செய்யும். அதற்காக யாரும் ஊமத்தையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இதில் அளவுதான் உயிர், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுக் கேட்டு ஏற்றுவார். தசையில் இருக்கும் ஏற்பி வேறு வகை, அதை அட்ரோபின் தொடாது. அதனால் தெளிந்துவிட்டவருக்குக்கூட ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் தளரலாம். நன்றாகப் பேசுகிறாரே என்று மறுநாளே கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.

கட்டுவிரியன் கடிச்சா வலியே இருக்காதாமே? அப்ப எப்படிக் கண்டுபிடிக்க?

ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போகும். பல்தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண் இமை தூக்க முடியாமல், பேச்சு குழறி, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால் கட்டுவிரியனைச் சந்தேகப்பட வேண்டும். பூச்சிமருந்தில் அசிட்டைல்கோலின் குவிகிறது, இங்கே அது வருவதே நின்றுபோகிறது. கட்டுவிரியன் நஞ்சு, அதைக் கொட்டும் நரம்பு நுனியையே சிதைத்துவிடும். நல்லபாம்பு நஞ்சு பெரும்பாலும் எதிரே இருக்கும் தசையின் ஏற்பியில் உட்கார்ந்து அடைக்கும். அதனால் அசிட்டைல்கோலின் உடைவதைத் தடுத்து அதைக் கூட்டும் நியோஸ்டிக்மின் ஊசி நல்லபாம்புக் கடிக்குக் கேட்கும் அளவுக்குக் கட்டுவிரியன் கடிக்குக் கேட்பதில்லை.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து இந்த இரண்டோடு கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கும் சேர்த்தே தயாராகிறது. பாம்பை அடித்துத் தூக்கிவர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அது ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும், சிதைந்துபோன நரம்பு நுனியை மீட்காது. நுனி வளர நாள்கணக்காகும், அதுவரை மூச்சுக்கு வென்டிலேட்டர் துணை இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். கண்ணைத் திறக்காமல், விரலை அசைக்காமல் கிடந்தாலும் நாம் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் கட்டையோடு சேர்த்துக் கட்டி, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.